ரோஜாவும் ஆயுர்வேதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ரோஜா உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். குளிர்ச்சிதான், அதில் தவறில்லை. ஆனால் எப்படிப்பட்ட குளிர்ச்சி, இதழாகச் சாப்பிட்டால் என்ன, பன்னீராக வடித்தால் என்ன, கற்கண்டோடு குல்கந்தாக ஊறவைத்தால் என்ன என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தப் பூவின் அருமை புரியும். நான் வைத்தியர் இல்லை. பல வருடங்களாக இதழ் உலர்த்தி, குல்கந்து போட்டு, நூல்களையும் புரட்டிப் பார்த்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆயுர்வேத நூல்களில் ரோஜா உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவமிஸ்ரரின் பாவபிரகாசத்தில் 'சதபத்ரீ', 'தருணீ' என்ற பெயர்களில் வருகிறது. சதபத்ரீ என்றால் நூறு இதழ் கொண்டவள். குளிர்ச்சியானது, இதயத்துக்கு இதமானது, லேசானது, நிறத்தைத் தெளிவாக்குவது, வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களையும் ரத்தக் கோளாறையும் தணிப்பது, கசப்பும் காரமும் உடையது, செரிக்கவைப்பது என்று அதன் குணங்களை அந்த நூல் அடுக்குகிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பாவபிரகாசத்துக்குப் பல நூற்றாண்டு முந்தைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் 'சதபத்ரம்' என்ற சொல் வருகிறது, அது ரோஜா என்று சிலர் எழுதுகிறார்கள். சிறுநீரின் நிறத்தைச் சீராக்கும் பத்து மருந்துகளின் பட்டியலில், பத்மம், உத்பலம், நளினம், குமுதம், புண்டரீகம் என்று தாமரையும் அல்லியுமாக வரும் வரிசையில்தான் அந்தச் சொல் நிற்கிறது. அங்கே அது தாமரை வகை. ரோஜாவின் பெருமையைச் சொல்ல அதைச் சரகர் காலத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

எந்த ரோஜா மருந்துக்கு ஆகும்?

மணம் உள்ள ரோஜா. தாவரவியல் பெயரில் சொன்னால் ரோசா சென்டிஃபோலியா, ரோசா டமாஸ்சேனா ஆகிய இரண்டும்தான் மருந்து நூல்களில் அதிகம் பேசப்படுபவை. பன்னீர் ரோஜா என்று நாம் அழைக்கும் இளஞ்சிவப்பு வாசனை ரோஜாவை வீட்டு உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பூங்கொத்துக்கென்று வளர்க்கும் நீளக் காம்பு ரோஜா வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அதில் மணமே இருக்காது. அதைவிட முக்கியம், சாப்பிடுவதற்காக அதை யாரும் வளர்ப்பதில்லை. பூச்சி அரிக்காமலும் வாடாமலும் இருக்க என்னென்ன தெளித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. கழுவினாலும் எல்லாம் போய்விடாது. மருந்து அடிக்காத செடி ஒன்று தொட்டியில் இருந்தால் அதுவே போதும். பூவை விடிகாலையில் பறிக்க வேண்டும். வெயில் ஏற ஏற இதழில் இருக்கும் மண எண்ணெய் குறைந்துகொண்டே போகும்.

குளிர்ச்சி என்றால் சரியாக என்ன அர்த்தம்? மோர், இளநீர் போலவா?

ஆயுர்வேதத்தில் குளிர்ச்சி என்பது தொட்டுப் பார்க்கும் சில்லிப்பு அல்ல. சூடான பாலில் ரோஜா இதழைப் போட்டாலும் அது குளிர்ச்சிப் பொருள்தான். உடலுக்குள் போனபின் அது எந்த வீரியத்தைக் காட்டுகிறது என்பதுதான் கணக்கு. பித்தம் ஏறினால் வரும் எரிச்சல், சிவப்பு, தாகம், நெஞ்செரிச்சல், எடுத்ததற்கெல்லாம் கோபம், இவற்றைத் தணிப்பதைக் குளிர்ச்சி என்கிறோம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பித்தத்தைத் தணிக்கும் பொருள்கள் பல, கூடவே செரிமான நெருப்பையும், அதாவது அக்னியையும், அணைத்துவிடும். நெஞ்செரிச்சல் நின்றது, ஆனால் பசியும் நின்றது, வயிறு கல் மாதிரி இருக்கிறது என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ரோஜா அப்படிச் செய்வதில்லை. பாவபிரகாசம் அதைக் 'குளிர்ச்சி' என்று சொன்ன கையோடு 'பாசனி', அதாவது செரிக்கவைப்பது என்றும் சொல்கிறது. கசப்பும் லேசான காரமும் இருப்பதால் எரிச்சலை அடக்கும்போதே பசியைக் கெடுக்காமல் விடுகிறது. அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்காமல் தீயைச் சீராக்கி வைப்பது போல. ரோஜாவைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தத்தை ஆயுர்வேதம் ஐந்தாகப் பிரிக்கிறது. வயிற்றில் பாசகம், ரத்தத்துக்கு நிறம் தருவது ரஞ்சகம், இதயத்தில் இருந்து மனத்தெளிவு தருவது சாதகம், கண்ணில் ஆலோசகம், தோலில் பிராஜகம். வயிறு, தோல், கண், மனம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரியும் இடங்களிலெல்லாம் ரோஜாவைப் பயன்படுத்துவதற்கு இந்தப் பிரிவுதான் அடிப்படை.

இதழ், பன்னீர், குல்கந்து, எண்ணெய், எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

உலர்ந்த இதழில் டானின் என்ற துவர்ப்புச் சத்து இருக்கிறது. துவர்ப்பு இறுக்கும், கசிவை நிறுத்தும். பன்னீர் என்பது ஆவியாக்கி வடித்த நீர். டானின் ஆவியாகாது என்பதால் அந்தத் துவர்ப்பு பன்னீரில் வராது, மணச் சத்துகள் மட்டுமே வரும். குல்கந்தில் முழு இதழும் கற்கண்டின் இனிப்பும் சேர்ந்திருக்கும். எண்ணெயோ மிகவும் செறிவானது: ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3,000 முதல் 4,000 கிலோ பூ வரை தேவைப்படும். ஒரே செடிதான், ஆனால் கையில் இருப்பவை நான்கு வேறு மருந்துகள். "ரோஜா நல்லது" என்று யாராவது சொன்னால், எந்த வடிவத்தில் என்று கேட்டுவிடுங்கள்.

இதழைக் கஷாயம் போடலாமா?

கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சுவது ரோஜாவுக்கு ஏற்ற முறையல்ல. மணம் முழுக்க ஆவியோடு போய்விடும், துவர்ப்பும் கசப்பும்தான் மிஞ்சும். வாய் கொப்பளிக்க என்றால் அது போதும். குடிக்க என்றால் வேறு வழி இருக்கிறது.

சார்ங்கதர சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூல் மென்மையான பொருள்களுக்கு இரண்டு முறைகள் சொல்கிறது. ஒன்று 'ஹிமம்': ஒரு பங்கு மருந்தை ஆறு பங்கு குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் வடிகட்டுவது. இன்னொன்று 'பாண்டம்': ஒரு பங்கு மருந்தின் மேல் நான்கு பங்கு சூடான நீரை ஊற்றி, மூடிவைத்து, பிறகு வடிப்பது. எரிச்சல், தாகம், சிறுநீர்க் கடுப்பு மாதிரியான பித்தத் தொல்லைகளுக்கு ஹிமம் பொருத்தம். செரிமானம் மந்தமாக இருப்பவர்களுக்குப் பாண்டம் பரவாயில்லை. உலர்ந்த இதழ் நிறைய நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே வீட்டில் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிக்கொள்ளலாம்.

இதழ் ஊறிய நீர் மங்கிய பழுப்பாகிவிட்டதே, கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், பளிச்சென்று சிவக்கும். இதழின் நிறச்சத்தான ஆந்தோசயனின் புளிப்பில் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அளவு?

இதழ்ப் பொடி ஒரு நாளைக்கு 3 முதல் 6 கிராம், குல்கந்து 10 முதல் 20 கிராம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. நான் யாருக்குச் சொன்னாலும் குறைந்த அளவிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

வீட்டில் குல்கந்து எப்படிப் போடுவது?

மருந்து அடிக்காத, மணமுள்ள பூ. இதழ்களை மட்டும் ஆய்ந்து, அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கிள்ளிப் போடுங்கள், அது கசக்கும். கழுவினால், துணியில் பரப்பி நிழலில் ஈரம் துளியும் இல்லாமல் உலர விட வேண்டும். இதழ் வாடியிருக்கலாம், ஆனால் நனைந்திருக்கக் கூடாது.

ஒரு பங்கு இதழுக்கு இரண்டு பங்கு பொடித்த கற்கண்டு, எடைக் கணக்கில். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு அடுக்கு இதழ், ஒரு அடுக்கு கற்கண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலடுக்கு கற்கண்டாக முடியுங்கள். மூடி, தினமும் சில மணி நேரம் வெயிலில் வையுங்கள். இதற்கு 'சூரிய பாகம்' என்று பெயர், அடுப்புக்குப் பதிலாக வெயில் சமைக்கிறது. ஓரிரு நாளில் இதழ் நீர் விட்டு, சர்க்கரை இளகத் தொடங்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை காய்ந்த கரண்டியால் கிளறிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் இதழும் பாகும் பிரித்தறிய முடியாமல் கருஞ்சிவப்பாக, ஜாம் மாதிரி ஒன்றாகிவிடும்.

முதல் தடவை நான் இனிப்பு அதிகம் வேண்டாமே என்று கற்கண்டைப் பாதியாகக் குறைத்தேன், இதழையும் அரைகுறை ஈரத்தோடு போட்டுவிட்டேன். பத்தாம் நாள் மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. அப்புறம்தான் புரிந்தது, அந்தச் சர்க்கரை ருசிக்காக மட்டும் இல்லை. ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கிருமி வளரவிடாமல் காப்பதே அதுதான். எடைக்கு எடை என்பதற்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். பூஞ்சை தெரிந்தால் மேலே மட்டும் வழித்தெடுத்துவிட்டு மீதியை உபயோகிக்காதீர்கள்.

குல்கந்து மலத்தை இளக்குமா, கட்டுமா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்களே?

நல்ல கேள்வி. பாவபிரகாசம் ரோஜாவை 'கிராஹிணி' என்கிறது, அதாவது கழிச்சலைக் கட்டுவது. ஆனால் யுனானியிலும் வீட்டு வைத்தியத்திலும் மலச்சிக்கலுக்குத்தான் குல்கந்து கொடுக்கிறார்கள். முரண் போலத் தெரியும். வடிவத்தைப் பார்த்தால் முரண் இல்லை என்பது என் புரிதல். உலர்ந்த இதழில் துவர்ப்பு மேலோங்கி நிற்கிறது, அது கட்டும். குல்கந்தில் இனிப்பும் நெய்ப்பும் மேலோங்கி, இதழின் நாரும் ஊறி மென்மையாகக் கிடக்கிறது, அது இளக்கும். பாலோடு படுக்கப் போகும்முன் ஒரு டீஸ்பூன் எடுத்தால் சூட்டினால் இறுகிய மலத்துக்கு நன்றாகவே கேட்கும்.

நாள்பட்ட கடும் மலச்சிக்கலை இது தீர்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரோஜா அவ்வளவு வலிமையான மலமிளக்கி இல்லை.

சர்க்கரை நோய்க்குப் பன்னீர்ப்பூ நல்லது என்கிறார்களே?

தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். சர்க்கரை நோய்க்கு என்று 'பன்னீர்ப்பூ' என்ற பெயரில் விற்பது ரோஜா இல்லை. அது விதானியா கோயாகுலன்ஸ் என்ற செடியின் காய்ந்த காய், அமுக்கராவின் இனத்தைச் சேர்ந்தது. பாலைத் திரிக்கும் தன்மை அதற்கு உண்டு, வடக்கே அதைப் 'பனீர் டோடா' என்பார்கள். பெயர் ஒற்றுமையில் ஏமாந்து, சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரோஜாக் குல்கந்தைச் சாப்பிட்டால் நேர் எதிரான பலன்தான். குல்கந்தில் பாதிக்கு மேல் சர்க்கரை. அவர்கள் இதழ் ஊறிய நீரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மணமுள்ள வெள்ளைப் பூ பூக்கும் பன்னீர் மரம் ஒன்றும் இருக்கிறது, அதுவும் வேறு.

வாய்ப்புண், ஈறு வீக்கத்துக்கு?

ரோஜாவின் துவர்ப்பு இங்கே நேரடியாக வேலை செய்கிறது. ஒரு பிடி உலர்ந்த இதழைக் கொதிநீரில் பத்து நிமிடம் மூடிவைத்து, ஆறியபின் வாயில் நிறைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து கொப்பளித்துத் துப்புங்கள். எரிச்சல் அடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

சருமத்துக்குப் பன்னீர் என்ன செய்யும்?

வெயிலில் காய்ந்து, சிவந்து, எரியும் தோலுக்கு இதம் தரும். சந்தனம் போன்ற பூச்சுகளைக் குழைக்க வெறும் தண்ணீருக்குப் பதில் பன்னீர் எடுப்பது பித்தச் சருமத்துக்கு நல்ல பழக்கம். ஆனால் பூச்சு காய்ந்து வெடிக்கும்வரை விடக் கூடாது, ஈரம் இருக்கும்போதே கழுவ வேண்டும். காய்ந்த பூச்சு எரிச்சலை மறுபடி தூண்டும் என்று ஆயுர்வேதமே சொல்கிறது.

நிறத்தை வெளுப்பாக்குமா என்று கேட்பார்கள். ஆக்காது. நூலில் உள்ள 'வர்ண்யம்' என்ற சொல்லை, இருக்கும் நிறம் தெளிவாகவும் களையாகவும் தெரிவது என்று எடுத்துக்கொள்வதே சரி. மாநிறமும் கறுப்பும் குறைபாடு அல்ல, மருந்து தேடுவதற்கு.

ரோஜா மணத்துக்குக் காரணமான ஜெரானியால், சிட்ரோனெல்லால் ஆகிய இரண்டும் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

கண்ணில் பன்னீர் விடலாமா?

கூடாது. கண் பித்தத்தின் இடம், ரோஜா பித்தத்துக்கு இதம், அதனால் விடலாம் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வீட்டில் வடித்ததோ அழகுக்காக விற்கும் பன்னீரோ கிருமி நீக்கியது அல்ல. அதில் வளரும் பாக்டீரியா கருவிழியில் புண் உண்டாக்கிப் பார்வையையே பாதிக்கலாம். கண் எரிந்தால் சுத்தமான பஞ்சைப் பன்னீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். கண்ணுக்குள் விட வேண்டியது, அதற்கென்றே தயாரித்த சொட்டு மருந்தை மட்டும், அதுவும் மருத்துவர் சொன்னால்.

மாதவிடாய் வலிக்கு உதவுமா?

உதவலாம். 2005இல் தைவானில் 130 பதின்வயதுப் பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. ரோஜா தேநீர் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட வலியும் பதற்றமும் குறைந்ததாகச் சொன்னார்கள். தாங்கள் என்ன குடிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதால், ரோஜாவால்தான் குறைந்ததா, இதமான சூடான ஒன்றைக் குடித்ததால் குறைந்ததா என்று உறுதியாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் கெடுதல் இல்லாத ஒரு குவளை பானம். முயன்று பார்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

மனசுக்கும் தூக்கத்துக்கும்?

'ஹ்ருத்யம்' என்று நூல் சொல்வது இதயத்துக்கும் மனதுக்கும் சேர்த்துத்தான். மணம் பதற்றத்தைக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. மணத்தை ஒளித்து வைத்து ஆய்வு செய்ய முடியாது என்பதுதான் இவற்றிலும் சிக்கல். படுக்கும்முன் தலையணையில் இரண்டு சொட்டுப் பன்னீர் தெளிப்பது எனக்கு இதமாக இருக்கிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு இதை நம்பக் கூடாது.

வேறு ஆயுர்வேத மருந்துகளில் ரோஜா சேர்கிறதா?

பவளம், முத்து இவற்றைப் 'பிஷ்டி'யாக்கும்போது. நெருப்பில் சுட்டுப் பஸ்பமாக்காமல், பொடித்துப் பன்னீர் விட்டு நாள்கணக்கில் கல்வத்தில், அதாவது மருந்து அரைக்கும் குழிக்கல்லில், அரைப்பார்கள். பவள பிஷ்டி, முக்தா பிஷ்டி இரண்டும் பித்தத்துக்கான மருந்துகள், அதனால்தான் அரைப்பதற்கும் பன்னீர். பவளம் கலந்த குல்கந்தும் விற்கிறார்கள். அது மருந்து வகை, வைத்தியர் சொல்லாமல் தினமும் சாப்பிட வேண்டாம்.

நல்ல பன்னீரை எப்படி அடையாளம் காண்பது?

லேபிளைப் படியுங்கள். வடித்த ரோஜா நீர் என்று மட்டும் இருக்க வேண்டும். தண்ணீர், வாசனைப் பொருள், நிறம் என்று தனித்தனியாக எழுதியிருந்தால் அது மணமேற்றிய தண்ணீர். உண்மையான பன்னீருக்கு நிறம் கிடையாது, இளஞ்சிவப்பாக இருந்தால் நிறம் சேர்த்திருக்கிறார்கள். மணமும் மூக்கைத் துளைக்காமல் மெல்ல வரும். உள்ளுக்குச் சாப்பிடலாம் என்று தெளிவாகக் குறிப்பிடாததைக் குடிக்காதீர்கள்.

ரோஜா எண்ணெயும் அத்தரும்?

இரண்டும் வேறு. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் வழிவழியாகச் செய்யும் அத்தர், ரோஜா ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிப் பிடிப்பது. தூய ரோஜா எண்ணெயில் அந்தச் சந்தனம் இல்லை. விலை மிக அதிகம் என்பதால் கலப்படமும் அதிகம். ரோஷாப் புல் என்று ஒரு வாசனைப் புல் இருக்கிறது. அதன் எண்ணெயில் ஜெரானியால் நிறைய உண்டு, வெகுகாலமாக ரோஜா எண்ணெயில் கலப்பதற்கு அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். தூய ரோஜா எண்ணெய் சுமார் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் மெழுகுச் சத்து உறைந்து படிகமாகும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல.

உடலில் தடவ ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய்க்கு ஒரு சொட்டு போதும். உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது.

யார் தவிர்க்க வேண்டும்?

சளி, இருமல், மூக்கடைப்பு என்று கபம் ஏறியிருக்கும்போது குல்கந்தைத் தள்ளிவையுங்கள். வயிற்றுப்போக்கின்போதும் அப்படியே. வாசனையால் மூச்சிரைப்பு வருபவர்களுக்கு ரோஜா மணமும் ஆகாது. கர்ப்பிணிகள் உணவில் சேரும் சிறு அளவோடு நிறுத்தி, எண்ணெயையும் பொடியையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். சிலர் கற்கண்டுக்குப் பதில் தேனில் குல்கந்து போடுவார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது.

எத்தனை நாள் எடுத்துப் பார்க்கலாம்?

நெஞ்செரிச்சலோ உடல்சூடோ என்றால் இரண்டு மூன்று வாரம். அதற்குள் மாற்றம் தெரியும். தெரியாவிட்டால் அளவைக் கூட்டாதீர்கள், காரணம் வேறெங்கோ இருக்கிறது. மலத்தில் ரத்தம், விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைவது, மார்பில் அழுத்தம் இவற்றில் எது இருந்தாலும் அந்த இரண்டு மூன்று வாரம்கூடக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.